சூடு ஆறாத பானைகள்

மார்கழி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, எதிர்வீட்டு இரும்புக் கதவுகூடத் தெரியாதபடி பனி இறங்கியிருக்க, காற்று அறவே இல்லாமல், தெருவிளக்குகள் பனிக்குள்ளே எலுமிச்சம்பழங்களைப் போல் மங்கித் தொங்கிக்கொண்டிருக்க, ஓசூரின் கிழக்கோரத்துச் சம்பங்கி நகரில், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியையான நீலாயதாட்சி தன் வீட்டுக் கொல்லையில் நிறுத்தியிருந்த தகர டிரம்மின் மூடியைத் தள்ளி, சாம்பலுக்குள் முழங்கைவரை கையை விட்டு, இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு தான் செய்த முதல் பானையை வெளியே எடுத்தாள். சாம்பல் குளிர்ந்திருந்தது. டிரம்மின் தகரம் பனியில் நனைந்து, தொட்ட விரல் விறைக்கும்படி சில்லிட்டிருந்தது. பானை மட்டும் சூடாக இருந்தது.

கையைச் சுட்டுவிடும் சூடு இல்லை அது. எடுத்த கை எடுத்தபடியே வைத்துக்கொண்டிருக்கலாம். அவள் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, பனி விலகித் தென்னை மரம் தெரியத் தொடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

"இன்னும் ஆறலை போல. துவைக்கிற கல்லு மேல வை, பொழுது ஏறினா சரியாயிடும்" என்றார் அவள் கணவர் காயாரோகணம். இருவரும் நாகப்பட்டினத்துக்காரர்கள். அந்த ஊரின் சாமி பெயர் அவருக்கும் அம்மன் பெயர் அவளுக்கும் வாய்த்திருந்ததால், வேறு எந்தப் பொருத்தமும் பார்க்காமல் கட்டிவைத்தார்கள் என்று அவர் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிரம்மில் காற்றுத் துளைகளைச் சம இடைவெளியில் போட்டுக் கொடுத்ததும், தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் மூட்டையைச் சுமந்து வந்ததும், பானையை நடுவில் வைத்துத் தூளை அழுத்தி நிரப்பி, கனலை மேலிருந்து கீழாக மெல்ல இறங்கவிட்டதும் அவர்தான்.

பொழுது ஏறியது, உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. மறுநாளும் வந்தது. பானை ஆறவில்லை.

அவள் மண்ணுக்குத் திரும்பியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மடங்க மறுத்தன. பிசியோதெரபி செய்யும் பெண் ஏதாவது பிசையச் சொன்னாள். சப்பாத்தி மாவைப் பிசைந்து பிசைந்து சலித்த ஒரு நாளில், செங்கல் சூளைக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு சாக்கு மண் வாங்கிவரச் செய்தாள். பி.எட். படித்த காலத்தில் மாலை வகுப்பில் கற்றது, சக்கரம் இல்லாமல் கையாலேயே பானை செய்யும் முறை: மண்ணைத் திரிதிரியாக உருட்டி, வட்டமாகச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒட்டும் இடங்களை முள்கரண்டியால் கீறி, கீறலில் மண்குழம்பு தடவி, உள்ளே கட்டைவிரலால் இழுத்துப் பூசும்போது வெளியே மறு உள்ளங்கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்கும் கைதான் பானையைச் செய்கிறது, இழுக்கும் கை அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். திருமணத்துக்குப் பிறகும் விடுமுறைகளில் செய்தாள். ஒன்பது வயது மகன் கபிலன் இறந்த வருடம் நிறுத்தினாள்.

ஆறாத பானையை முதலில் கேட்டு வாங்கியவள் பக்கத்து வீட்டு ஜெயசீலி. வீட்டிலேயே மாவு அரைத்து விற்பவள், பேசிக்கொண்டே கதவைத் திறந்து பேசிக்கொண்டே மூடிக்கொண்டு போகிறவள்.

"என்ன டீச்சர், அடுப்பிலேர்ந்து இறக்கினீங்களா?"

"இல்ல. நேத்து காலையிலேர்ந்து இப்படித்தான் இருக்கு."

"நேத்திலேர்ந்தா?" ஜெயசீலி பானையை இரண்டு கைகளாலும் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "அப்ப இன்னைக்கு ஒருநாள் எனக்குக் குடுங்க டீச்சர். இந்தக் குளிர்ல மாவு பொங்கவே மாட்டேங்குது. மாமியார் மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கு."

மாவு பொங்கியது. பானைக்குள் வைத்த பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. பானை ஏன் ஆறவில்லை என்று ஜெயசீலி கேட்கவில்லை. இன்னொன்று செய்து தர முடியுமா என்று கேட்டாள். நீலாயதாட்சி செய்தாள். அதுவும் ஆறவில்லை.

பிறகு சம்பங்கி நகரில் அது குழாய்த் தண்ணீர் வந்ததைப் போல, சாலைக்குத் தார் போட்டதைப் போல, வரவேண்டியது கொஞ்சம் தாமதமாக வந்த ஒரு வசதியாகிவிட்டது. தயிர் உறையாத வீடுகளில் தயிர் உறைந்தது. முழங்கால் வலிக்காரர்கள் பானையைக் கட்டிலில் போட்டுக் காலை அதன்மேல் நீட்டிக்கொண்டு செய்தி பார்த்தார்கள். ஈரம் காயாத பள்ளிச் சீருடைகளைப் பானைமேல் விரித்தால் காலைக்குள் காய்ந்தன. பூனைகள் பானைகளைத் தேடிவந்து படுத்தன. சிலர் குங்குமம் வைத்தார்கள், ஜெயசீலி மாதா படத்துக்குக் கீழே ஒன்றை வைத்தாள், அதற்கப்புறம் அதிலும் மாவு ஊற்றினாள். குறைந்த எடையில் பிறந்த ஆண் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஹசீனா, பானையைப் பழைய சால்வையில் சுற்றித் தொட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். பிள்ளை உறங்கியது, பால் குடித்தது, தை பிறப்பதற்குள் கன்னம் வைத்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் குப்புராஜ், சம்பங்கி நகர்ப் பானைகள் சம்பங்கி நகருக்கு வெளியே போகக்கூடாது என்று தீர்மானம் போட்டு, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, சங்கத்துக்கென்று ஒரு பானை வாங்கிக் காவலாளி அறையில் வைத்தார்.

"ஏம்மா ஜெயசீலி, பானை வந்ததிலேர்ந்து மாவும் பொங்குது, நீயும் பொங்குறே" என்றார்.

"நீங்க செக்ரட்டரி ஆனதிலேர்ந்து பொங்கிட்டுத்தான் இருக்கீங்க, நாங்க ஏதாவது கேட்டோமா சார்?"

நீலாயதாட்சி உருட்டினாள், சுற்றினாள், கீறினாள், பூசினாள், ஈரத்துணி போட்டு மூடினாள், நிழலில் உலர்த்தினாள். விரல்கள் மடங்கத் தொடங்கி, பழைய வேகத்துக்கு வந்து, அதையும் தாண்டின. மாலைகளில் வாசலுக்கு வந்து நின்று, ஒவ்வொரு வீட்டுச் சமையலறை ஜன்னலையும் பார்ப்பாள். அவள் முகத்தில் அப்போது தெரிந்ததை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்ட தெருக்காரர்கள், பாவம், டீச்சருக்கு இப்போதுதான் ஒரு பிடிப்பு வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

காயாரோகணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழில் பழக்கத்தால், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து முதல் பானையின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். நூற்றிரண்டு காட்டியது. ஜெயசீலி வீட்டுப் பானையில் வைத்தார், நூற்றிரண்டு. ஹசீனா வீட்டில், காவலாளி அறையில், தெருக்கோடி வீட்டில், ஒவ்வொரு முறையும் உதறி உதறி வைத்துப் பார்த்தார். எல்லாம் நூற்றிரண்டு. கருவிகள் ஒன்றுக்கொன்று இவ்வளவு ஒத்துப்போவதை அவர் தன் பணிக்காலத்தில் ஒருபோதும் கண்டதில்லை. வீடு திரும்பி, செருப்பைக் கழற்ற மறந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிட எழுந்திருக்கவில்லை.

"நூத்திரெண்டு, நீலா" என்றார்.

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சது?"

"டிரம்லேர்ந்து எடுத்தப்பவே. அஞ்சு நாள் நெத்தியில வெச்ச கை. மறக்குமா?"

"தெரிஞ்சுமா வீடு வீடா செஞ்சு குடுத்தே?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சூடா இருக்கறவரைக்கும் இருக்கான்."

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், செய்தித்தாள்கள் மர்மக் காய்ச்சல் என்று எழுதிய அந்த மழைக்காலத்தில், கபிலனுக்கு ஐந்து நாட்கள் நூற்றிரண்டிலேயே நின்றது காய்ச்சல். மாத்திரைக்குச் சற்றே அசைந்து மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. இருவரும் முறைவைத்து ஈரத்துணி போட்டார்கள். ஆறாம் நாள் விடிகாலையில், யாரும் எதுவும் செய்யாமலே, அது இறங்கியது. நெற்றி வேர்த்தது, பிள்ளை கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றான். விட்டுடுச்சு, காய்ச்சல் விட்டுடுச்சு என்று தெரு முழுவதும் சொன்னது. ஜெயசீலி மிளகு ரசம் வைத்துக் குழைந்த சோற்றில் பிசைந்து கொண்டுவந்தாள். குப்புராஜ் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். காய்ச்சல் விட்ட பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அலுப்புப் போகும் என்பது வழக்கம், ஆகவே வேப்பிலை போட்ட வெந்நீரில் தலைக்கு ஊற்றி, துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, தூங்கட்டும் என்று எல்லோரும் சத்தம் போடாமல் விலகிப்போனார்கள். அந்தக் காய்ச்சல் ஏறும்போது கொல்வதில்லை, இறங்கும்போதுதான் கொல்லும் என்பது அன்று அந்தத் தெருவில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மத்தியானம் பாதம் சில்லிட்டது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது முழங்கால்வரை சில்லிட்டிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் தொட்டுப் பார்க்கவில்லை.

நூற்றிரண்டு என்று தெரிந்த நாளிலிருந்து காயாரோகணத்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. தெருவில் நடக்கவும் முடியவில்லை. எந்த வீட்டைத் தாண்டினாலும் அந்த வீட்டுக்குள் தன் மகன் காய்ச்சலோடு கிடக்க, அவன்மேல் யாரோ மாவு பொங்க வைத்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் பிற்பகல், அவள் கொல்லையில் மண் பிசைந்துகொண்டிருந்தபோது, அவர் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, முதல் பானையின் தோளில் போட்டார். துணி காய்ந்ததும் மறுபடியும் நனைத்துப் போட்டார். தெர்மாமீட்டர் நூற்றிரண்டிலிருந்து நூற்றொன்றுக்கு வந்தது. அடுத்த துணியைப் பிழிவதற்குள் வாசலில் ஹசீனா நின்றாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலில் செருப்பில்லாமல்.

"சார், பானைச் சூடு கொறையிது. பிள்ளை அழுவுது. ஜெயசீலியக்கா வீட்லயும் கொறையுதாம். டீச்சரம்மாவக் கூப்பிடுங்க!"

மண் ஒட்டிய கைகளோடு உள்ளே வந்த நீலாயதாட்சி, துணியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். அவள் இப்படி ஒரு பொருளை எறிந்து அவர் பார்த்ததில்லை.

"எத்தனை நாள் அவன் இப்படி எரியணும்?" என்று அவர் கேட்டார். ஹசீனா நிற்பதையும் பொருட்படுத்தாமல் கேட்டார். "ஒரு வீட்டுல இல்ல நீலா, தெரு முழுக்க. யார் பிள்ளை இது?"

"இறங்கினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எரியறதுக்கு அது தேவலை."

"அதச் சொல்ல உங்களுக்கு வாய் வருது. எனக்கு வரலை."

துணி இல்லாமல் ஒரு மணி நேரத்தில் பானை நூற்றிரண்டுக்கு ஏறியது. தெருவிலுள்ள எல்லாப் பானைகளும் ஏறின. ஹசீனாவின் பிள்ளை அழுகையை நிறுத்தியது. அவர் அதன்பிறகு துணி போடவில்லை. இரண்டு பேரும் முதல் பானையைக் கூடத்துக் கட்டிலில் கிடத்தி, அதற்கு இரு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் கை வைத்துக்கொண்டார். இன்னும் பல பானைகள் பிறந்தன, தெருவில் அவற்றுக்கு இடமும் கிடைத்தது.

தை முடிகிற சமயத்தில், வெயில் நன்றாக விழுந்த ஒரு நாள் காலையில், யாரும் எதுவும் செய்யாமலே, பானைகள் இறங்கத் தொடங்கின. பத்து மணிக்குள் எல்லாம் தொண்ணூற்றெட்டரைக்கு வந்துவிட்டன. தூங்கி எழுந்த பிள்ளையின் முதுகைப் போல இருந்தன. வாயோரங்களில் மெல்லிய ஈரம் பூத்திருந்தது. மாவுக்கு அது போதவில்லை என்றாலும், தொட்டவர்களுக்கெல்லாம் காரணம் தெரியாமல் மனம் லேசானது. ஜெயசீலி ஓடிவந்தாள்.

"பாத்தீங்களா டீச்சர்? விட்டுடுச்சு போல இருக்கே!"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கு அந்தச் சொல் கேட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலுக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்களை, நடுவில் போர்வை போர்த்திக் கிடந்த பானையை, தலைமாட்டில் இருந்த தெர்மாமீட்டரை மாறிமாறிப் பார்த்தாள்.

"தம்பியா?" என்றாள் மிகச் சிறிய குரலில்.

நீலாயதாட்சி எழுந்தாள். இருபத்திரண்டு வருடங்களில் எவரிடமும் எதையும் கேட்டிராதவள் தெருவில் இறங்கி, வீடு வீடாகக் கதவைத் தட்டி, கையைக் குவித்துக் கேட்டாள்: "தயவுசெஞ்சு போர்த்துங்க. கீழ வைக்காதீங்க. சிமென்ட் தரையில வைக்காதீங்க. தூங்கட்டும்னு விட்டுடாதீங்க."

இந்த முறை சம்பங்கி நகர் எந்தத் தவறும் செய்யவில்லை. கேள்வி கேட்காமல் பானைகளைத் தூக்கிக்கொண்டு இறகுப்பந்து விளையாடும் திடலுக்கு வந்தார்கள், அங்கேதான் வெயில் கடைசிவரை நிற்கும். பானைகளுக்கு ஸ்வெட்டர் போட்டார்கள். வாய்க்குக் குரங்குக் குல்லாய் மாட்டினார்கள். அடியில் வெந்நீர்ப் பைகள் வைத்தார்கள். அடுப்பில் வைத்துப் பார்க்கலாமே என்று ஒருவர் சொல்ல, ஜெயசீலி, "புள்ளையக் கொண்டுபோய் அடுப்புல வெப்பியாடா?" என்று அவர்மேல் பாய்ந்தாள். குப்புராஜ் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, சங்கத்துப் பானையைத் தன் வெறும் வயிற்றோடு அணைத்து, மேலே சால்வை போர்த்திக்கொண்டார்.

"செக்ரட்டரி சார், ஒன்பது மாசம் மாதிரி இருக்கீங்க" என்றாள் ஜெயசீலி. சிரிக்கத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"இறங்கக்கூடாதும்மா" என்றார். "அன்னைக்குத் தேங்கா ஒடச்சவன் நான்."

காயாரோகணம் பானை பானையாகப் போய்த் தெர்மாமீட்டர் வைத்து, அளவை உரக்கச் சொன்னார். தொண்ணூற்றெட்டு என்றார். தொண்ணூற்றேழு என்றார். அவர் குரலைக் கேட்டு ஒவ்வொருவரும் இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். வெயில் திடலின் பாதிக்கு வந்தபோது, பானைகள் அடியிலிருந்து சில்லிடத் தொடங்கின. அங்கே யாருக்கும் யாரும் அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை, எல்லோருடைய மடியிலும் ஒரே நேரத்தில் அது தெரிந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்துத் தேய்த்து அடியில் வைத்தார்கள். மூச்சை உள்ளே ஊதினார்கள். காயாரோகணம் தொண்ணூற்றைந்து என்று சொன்ன பிறகு எதுவும் சொல்லவில்லை. அந்தக் கருவியால் அதற்குக் கீழே சொல்ல முடியாது.

ஹசீனா பானையையும் பிள்ளையையும் ஒரே சால்வைக்குள் வைத்திருந்தாள். குளிர் பானையின் தோளுக்கு ஏறியபோது பிள்ளை வீறிட்டது. அவள் நீலாயதாட்சியைப் பார்த்தாள்.

"எடுத்துக்கோ" என்றாள் நீலாயதாட்சி. "உன் பிள்ளைய எடுத்துக்கோ, ஹசீனா."

ஹசீனா எடுத்துக்கொண்டாள். அழுதபடியே பானையைப் புல்லில் வைத்தாள். அதன்பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள், முதலில் வைத்தவர் அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல். விளக்கு வைக்கும் நேரத்தில் திடல் முழுவதும் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்ட பானைகள் நின்றன, பனி அவற்றின்மேல் இறங்கியது. நீலாயதாட்சி மட்டும் தன்னுடையதை மடியில் வைத்து, ஒரு கையை உள்ளே விட்டு, மறு கையால் வெளியே தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் விளிம்பு கடைசியாகக் குளிர்ந்தது.

மறுநாள் காலையில் ஜெயசீலி மாவு அரைக்கவில்லை. பாத்திரத்தோடு வந்தவர்களிடம் மாவு இல்லை என்றாள், ஏன் என்று கேட்டவர்களிடமும் மாவு இல்லை என்றாள். குப்புராஜ் திடலுக்குப் போய், பானைகளின் குல்லாய்களையும் ஸ்வெட்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, பனி ஈரத்தைப் பிழிந்து, பந்து வலையின்மேல் காயப்போட்டார், இறகுப்பந்து ஆட வந்தவர்கள் மட்டையை வைத்துவிட்டு அவருக்கு உதவினார்கள். ஹசீனா பிள்ளையை ஜன்னல் வெயிலில் கிடத்தி நெற்றியில் கை வைத்தாள், பால் காய்ச்சப் போனவள் பாதியில் திரும்பிவந்து வைத்தாள், பிறகு பாதங்களைத் தொட்டாள், மறுபடியும் நெற்றியைத் தொட்டாள். காயாரோகணம் தச்சுப் பட்டறைக்குப் போனார். வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் மரத்தூள் மூட்டையைச் சுமந்துவந்து டிரம்முக்குப் பக்கத்தில் இறக்கினார், இறக்கிய பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்தார். நீலாயதாட்சி, பலகையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக் கழுவினாள், மண்குழம்பைத் தென்னையின் அடியில் ஊற்றினாள். முதல் பானையைத் தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்து, குழாயடியில் அலசி, தண்ணீர் நிரப்பிச் சமையலறை மூலையில் மணல் பரப்பி வைத்தாள். ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ஒரு தம்ளர் மொண்டு, நின்றபடியே குடித்தாள். பல் கூசும்படி சில்லென்று இருந்தது. முழுவதையும் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.